ஒரே அணி, இரண்டு கார்



அணையும் கால்வாயும் பழைய அரசர்களும் என்று எழுதுகிற வாத்தியார் இன்றைக்குக் கார் பந்தயத்தைத் தொட்டுவிட்டாரே என்று சிரிக்க வேண்டாம். இதுவும் வரலாறுதான். கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாடு முடிந்து சாவகாசமாகப் படியுங்கள்.

பார்முலா 1 பந்தயத்தில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கார், இரண்டு ஓட்டுநர். ஆண்டு முழுக்கப் புள்ளிகளைக் கூட்டி ஓட்டுநருக்கு ஒரு பட்டம், அணிக்கு ஒரு பட்டம். அணிப் பட்டம் 1958-ல் வந்தது. முதலாளிக்கு இரண்டு காரும் புள்ளி கொண்டுவர வேண்டும். பரிசுப் பணம் பெரும்பாலும் அணிப் பட்டியலைப் பார்த்தே பிரிக்கப்படுகிறது. ஓட்டுநருக்கோ தான் முன்னால் வர வேண்டும். சண்டையின் வேர் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. வேறு அணிக்காரன் முந்தினால் "அவன் கார் நல்ல கார்" என்று சொல்லித் தப்பிக்கலாம். கூட இருப்பவன் முந்தினால் சொல்ல ஒன்றுமில்லை. அதே இன்ஜின், அதே டயர், அதே பட்டறை. நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே மடையில் தண்ணீர் பாயும் இரண்டு வயல்காரர்கள் அடுத்த ஊர் விளைச்சலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பக்கத்து வயல் நாற்று நாலு விரல் உயர்ந்து நின்றால்தான் தூக்கம் கெடும்.

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேர் பார்முலா 1 வரை போனார்கள். கோவை நாராயண் கார்த்திகேயன், சென்னை கருண் சந்தோக். இந்தியாவிலிருந்தே இதுவரை போனவர்கள் இந்த இருவர்தான்.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் கோவை கரிவரதன். மாருதி 800 இன்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்றால் பணக்காரன் யார் என்பது தெரியாது, ஓட்டத் தெரிந்தவன் யார் என்பது தெரியும். அந்தவகைக் கார்களில் ஓட்டிப் பழகி வந்தவர்தான் நாராயண். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

2005-ல் நாராயண் ஜோர்டான் அணியில் சேர்ந்தார். உடன் வந்தவர் போர்ச்சுகல் நாட்டு டியாகோ மான்டீரோ. இருவருக்கும் அதுதான் முதல் ஆண்டு. ஜோர்டான் அப்போது பின்வரிசை அணி, ஜெயிக்கிற வாய்ப்பே கிடையாது. அப்படியானால் இவர்கள் யாரோடு போட்டி போட்டார்கள்? ஒருவரோடு ஒருவர்தான். மெல்போர்னில் முதல் பந்தயத்தில் நாராயண் 15-ஆம் இடம், மான்டீரோ 16. உலகத்துக்கு அது வெறும் கடைசிப் பக்கச் செய்தி. அந்த இருவருக்கும் அதுதான் மதிப்பெண் பட்டியல்.

அதே ஆண்டு ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். மிஷலின் டயர் அந்தத் தடத்துக்குத் தாங்காது என்று தெரிந்ததால், தொடக்கச் சுற்றோடு 14 கார்கள் விலகிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள்தான் மிச்சம்: பெராரி இரண்டு, ஜோர்டான் இரண்டு, மினார்டி இரண்டு. பெராரிக்காரர்கள் இருவரும் முன்னால் போய்விடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆக, மேடையில் ஏறும் மூன்றாவது இடம் கிட்டத்தட்ட ஜோர்டான் அணிக்குள்ளேயே முடிவாக வேண்டிய விஷயம். மான்டீரோ 3, நாராயண் 4. மான்டீரோ மேடை ஏறினார். நாராயணுக்கு 5 புள்ளி. பார்முலா 1-ல் ஓர் இந்தியர் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அந்த 5 மட்டும்தான்.

மான்டீரோ அந்த ஆண்டு 19 பந்தயங்களில் 18-ஐ முடித்தார். மழை பெய்த பெல்ஜியத்தில் 8-வதாக வந்து இன்னொரு புள்ளியும் எடுத்தார். ஆண்டு முடிவில் 7-க்கு 5. அடுத்த ஆண்டு அவருக்கு அதே அணியில் இடம் இருந்தது. நாராயண் வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநர் ஆனார். இடம் கிடைப்பதில் விளம்பரதாரர், பணம் என்று பல கணக்கு உண்டு. ஆனாலும் பேச்சு வரும்போது எல்லோரும் முதலில் புரட்டுவது கூட ஓட்டியவனின் பட்டியலைத்தான்.

கருண் கதை வேறு மாதிரி. 2008-ல் ஜிபி2 பந்தயத்தில் அவருடைய சக ஓட்டுநர் புரூனோ சென்னா, மறைந்த அயர்டன் சென்னாவின் அக்காள் மகன். 2010-ல் எச்ஆர்டி என்ற புது அணியில் மறுபடியும் அதே இருவர். முதல் பந்தயம் பஹ்ரைனில். சென்னாவின் கார் பயிற்சியில் ஓடியது. கருணின் கார் தயாராகவில்லை. தகுதிச் சுற்றில்தான் அந்தக் காரை அவர் முதன்முதலாக ஓட்டினார். பெயருக்கு இருவருக்கும் ஒரே கார். மடை ஒன்று என்றாலும் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்று பார்க்க வேண்டாமா? தராசைப் பார்க்காமல் எடையைப் பேசக்கூடாது. ஆண்டின் பாதியிலேயே கருணின் இடத்துக்கு வேறொருவர் வந்தார்.

2011-ல் நாராயண் அதே எச்ஆர்டி அணிக்கு வந்தார். ஜூலையில் அவர் இடத்தை டேனியல் ரிக்கார்டோ என்ற ஆஸ்திரேலிய இளைஞருக்குக் கொடுத்தார்கள். அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லிக்குப் பக்கத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரீ. அந்த ஒரு பந்தயத்துக்கு நாராயணுக்கு மறுபடியும் கார் கொடுத்தார்கள். கூட ஓட்டியவர் அதே ரிக்கார்டோ. முடிவு: நாராயண் 17, ரிக்கார்டோ 18. பின்னாளில் 8 பந்தயங்களை வென்றவர் இந்த ரிக்கார்டோ. 2014-ல் ரெட் புல் அணியில் 4 முறை உலகப் பட்டம் வென்ற வெட்டல் ஒரு பந்தயமும் ஜெயிக்காதபோது 3 பந்தயங்களை ஜெயித்தவர். 17-ஆம் இடத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. ஆனால் யாருக்கு முன்னால் வந்த 17 என்று தெரிந்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

சரி, அணிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?

முதல் வழி, வாய்ப்பேச்சு உடன்பாடு. 1988-ல் மெக்லாரன் அணி 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. சென்னா 8, புரோஸ்ட் 7. அடுத்த ஆண்டு இமோலாவில், தொடக்கத்தில் யார் முந்துகிறாரோ அவரை முதல் வளைவில் மற்றவர் தாக்கக்கூடாது என்று இருவருக்கும் பேச்சு. ஒரு விபத்தால் பந்தயம் நின்று மறுபடி தொடங்கியது. புரோஸ்ட் முன்னால் போக, சென்னா முந்திவிட்டார். மறுதொடக்கத்துக்கு அந்தப் பேச்சு செல்லுமா, செல்லாதா? இருவருக்கும் இரண்டு பதில். அக்டோபரில் ஜப்பானில் இரண்டு காரும் முட்டிக்கொண்டு நின்றன. ஆண்டு முடிவில் புரோஸ்ட் அணியை விட்டே போனார்.

இரண்டாம் வழி, ஒருவனை மூத்தவன் என்று வைத்துவிடுவது. 2002-ல் ஆஸ்திரியாவில் முன்னால் போன பாரிசெல்லோவை, கோட்டுக்குச் சில மீட்டர் முன்பு ஷூமாக்கருக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னது பெராரி. பார்த்தவர்கள் கூச்சல் போட்டார்கள். வெட்கப்பட்ட ஷூமாக்கர் மேடையில் பாரிசெல்லோவை உச்சிப் படியில் ஏற்றினார். மேடையில் அப்படி நடந்துகொண்டதற்குப் பெராரிக்கு 10 லட்சம் டாலர் அபராதம். முடிவை மாற்றும் உத்தரவுகளுக்கு அதற்குப் பின் தடையும் வந்தது. யாராலும் அதைக் காக்க முடியவில்லை. 2011-ல் தடையை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் வழி, இருவருக்கும் சமம் என்று சொல்லி, விதியை முன்கூட்டியே பேசி வைப்பது. சமம் என்று சொன்னால் மட்டும் போதாது என்பதற்கு 2007 சாட்சி. மெக்லாரனில் அலோன்சோவும் ஹாமில்டனும் ஒருவர் காலை ஒருவர் வாரினார்கள். ஆண்டு முடிவில் இருவருக்கும் 109 புள்ளி. பெராரியின் ராய்க்கோனனுக்கு 110. பட்டம் அவருக்கு.

இப்போது 2025-க்கு வாருங்கள். அதே மெக்லாரன், இத்தாலியின் மோன்சா. நாரிஸ் இரண்டாவது, பியாஸ்ட்ரி மூன்றாவது. டயர் மாற்றும்போது நாரிஸுக்குத் தாமதமானதால் பியாஸ்ட்ரி முன்னால் வந்துவிட்டார். தவறு எங்களுடையது, இடத்தைத் திருப்பிக் கொடு என்றது அணி. பியாஸ்ட்ரி வாதாடினார், ஆனால் கொடுத்தார். இரண்டாம் இடத்துக்கு 18 புள்ளி, மூன்றாம் இடத்துக்கு 15. வித்தியாசம் 3. ஆண்டு முடிவில் நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421. மற்றதெல்லாம் அப்படியே இருந்து அந்த 3 புள்ளி மட்டும் இல்லாமல் போயிருந்தால் நாரிஸுக்கு 420. பட்டம் மறுபடியும் அடுத்த அணிக்குப் போயிருக்கும். கழித்தல் கணக்குத்தான் மக்களே, நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்தப் பட்டம் பியாஸ்ட்ரிக்குக் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. விட்டுக்கொடுத்தவன் கணக்கை எழுதி வைக்காத அணி அடுத்த ஆண்டு அவனிடம் எதையும் கேட்க முடியாது.

நம் அஜித் குமாரின் அணியையும் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயம். இதில் ஒரே காரைப் பலர் மாறி மாறி ஓட்ட வேண்டும். கூட இருப்பவன் எதிரி அல்ல, உன் முறைக்குக் காரை ஒழுங்காகக் கொண்டுவந்து ஒப்படைப்பவன். பயிற்சியில் நடந்த விபத்துக்குப் பிறகு, தன் பெயர் போட்ட அணியின் காரை ஓட்டுவதிலிருந்து அஜித்தே விலகிக்கொண்டார். அந்த அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. ஓட்டாத முதலாளி கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இத்தனை வருஷம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரே பெஞ்சில் இரண்டு கெட்டிக்காரர்கள் என்றால் போட்டி இருக்கத்தான் செய்யும். அதை அணைக்க முடியாது, அணைக்கவும் வேண்டாம். ஒப்பிடுவதற்கு முன் இருவருக்கும் தண்ணீர் சமமாகப் பாய்ந்ததா என்று பாருங்கள். விதி இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன் இருவரையும் வைத்துச் சொல்லுங்கள், பாதியில் மாற்றாதீர்கள். ஒருவன் விட்டுக்கொடுத்தால் அதை நாலு பேர் முன்னால் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலும் ஆபீஸிலும் இது எப்படி நடக்கிறது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப்பிழைக்கு மட்டும் மார்க் குறைப்பேன்.