உடையத் தெரிந்த கண்ணாடி

ஒரே மோட்டார் வண்டியில் இரண்டு ஜாதிக் கண்ணாடி இருக்கிறது என்பது, வண்டி வைத்துக்கொண்டிருப்பவர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. முன்னால் காற்றை மறைத்துக்கொண்டு நிற்பது ஒரு ஜாதி. கதவில் ஏறி இறங்குவது வேறு ஜாதி. முன் கண்ணாடியில் கல் வந்து விழுந்தால் சிலந்தி வலை மாதிரி கீறல் ஓடுமே தவிர, கண்ணாடி இருந்த இடத்தை விட்டு அசையாது. கதவுக் கண்ணாடி அப்படியல்ல. பலமாக அடிபட்ட மறு கணம் கண்ணாடி என்ற வஸ்துவே அங்கே இராது. ஸீட்டின் மேல் கல்கண்டைக் கொட்டி வைத்த மாதிரி ஒரு குவியல் கிடக்கும். வேடிக்கை பார்க்கிறவர்கள், "மட்ட ரகம் போலிருக்கிறது. நல்ல கண்ணாடி இப்படியா பொடியாகும்?" என்பார்கள். அப்படிப் பொடியாக வேண்டும் என்பதற்காகவே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கதை ஒரு ராஜ சபை விளையாட்டில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னர் 1660-ல் சிம்மாசனம் ஏறினார். ரூபர்ட் என்ற இளவரசர் அவருக்கு நெருங்கிய உறவினர். ஜெர்மானிய வம்சம், யுத்தத்தில் சூரர், ரஸாயனப் பைத்தியம் உள்ளவர். அவர் சில கண்ணாடித் துளிகளைக் கொண்டுவந்து அரசருக்குக் காட்டினார். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் தலைப்பிரட்டை மாதிரி உருண்டைத் தலையும் நீண்ட வாலுமாக ஒரு துளி கிடைக்கும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலின் நுனியைச் சற்றே கிள்ளினால் போதும், துளி முழுவதும் வெடித்துத் தூளாகிவிடும். அரசர் இதை ராயல் சொஸைட்டி என்ற புதிய விஞ்ஞான சபைக்கு அனுப்பிவைத்தார். 1661-ல் அந்த சபையின் பெரியவர்கள் துளிகளைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார்கள்.

காரணம் என்னவென்று குடைந்தவர்களில் ராபர்ட் ஹூக் என்பவர் கெட்டிக்காரர். சொட்டு தண்ணீரில் விழுந்ததும் வெளித்தோல் உடனே இறுகிவிடுகிறது. உள்ளே இருப்பது நிதானமாக ஆறுகிறது. ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது. இறுகின தோல் விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே உள்ளே இருப்பது தோலை இழுத்துக்கொண்டே இருக்கிறது; தோலும் நெருக்குண்டு இறுகியே இருக்கிறது. நம்முடைய பெரிய கூட்டுக் குடும்பங்கள் சில ஞாபகத்துக்கு வருகின்றன. வெளியிலிருந்து எத்தனை அடி விழுந்தாலும் தாங்கும். ஒரு மூலையில் சின்னக் கீறல் விழுந்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இராது. வெடிக்கிற துளியின் துண்டுகள் எந்த வாகில் பிரிகின்றன என்று பார்க்க, ஹூக் அதன் மேல் மீன் பசையைப் பூசி உடைத்தார். துண்டுகள் சிதறாமல் பசையில் ஒட்டிக்கொண்டே நின்றன. 1665-ல் வெளிவந்த தம் நூலில் இதை எழுதியும் வைத்திருக்கிறார்.

இது எனக்கு வெகு ஆச்சரியமாக இருக்கிறது. அடிபட்டால் பொடியாகிற கண்ணாடி ஒன்று. உடைந்தாலும் பசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கண்ணாடி இன்னொன்று. இன்றைக்கு நம் வண்டிகளில் இருக்கிற இரண்டு ஜாதியும் அன்றைக்கே ஒரு மனிதரின் உள்ளங்கையில் இருந்தன. மோட்டார் வண்டிதான் பிறக்கவில்லை. ஆகவே அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டி வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல் அந்தத் துளி பள்ளிப் பிள்ளைகளின் வேடிக்கைப் பொருளாகவே இருந்தது. 1874-ல் த லா பஸ்தி என்ற பிரெஞ்சுக்காரர், காய்ச்சிய கண்ணாடியைச் சூடான எண்ணெயில் முக்கி உறுதிப்படுத்தும் முறைக்குப் பேட்டண்டு வாங்கினார். உடையாத கண்ணாடித் தம்ளர் செய்யலாம் என்று ஒரே பரபரப்பு. சிரமம் என்னவென்றால், அந்தத் தம்ளர்கள் சில சமயம் அலமாரியில் சும்மா இருக்கும்போதே வெடித்தன. சும்மா இருக்கும்போது வெடிக்கிற பாத்திரத்தில் பால் குடிக்க யார் துணிவார்கள்?

மோட்டார் வந்தது. ஆரம்பத்து மோட்டார்கள் எல்லாம் திறந்த வண்டிகள். கதவுக்கு மேல் கண்ணாடியே கிடையாது. 1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்துக்கு ஒன்பது இப்படித் திறந்தவை. பத்து வருஷத்துக்குள் கணக்குத் தலைகீழாயிற்று. மழையும் தூசியும் படாமல், வீட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி போகவேண்டும் என்று ஜனங்கள் ஆசைப்பட்டார்கள். ஆசைக்கு ஏற்ப முன்னும் பின்னும் பக்கங்களிலும் கண்ணாடி வைத்துக் கொடுத்தார்கள். எந்தக் கண்ணாடி? வீட்டு ஜன்னலில் இருக்கிற அதே சாதாரணக் கண்ணாடி. அது உடைந்தால் வாள் வாளாக, ஈட்டி ஈட்டியாக உடையும். ஓடாத வீட்டு ஜன்னலுக்கு அது போதும். ஓடுகிற வண்டியில், மோதின வேகத்தில் மனிதனின் முகம் அதன் வழியாகப் போகிறது. சாதாரண விபத்தில் கூடக் கன்னமும் கண்ணும் கழுத்தும் கிழிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். வண்டி மோதியதில் சாகாமல், வண்டியின் ஜன்னலால் செத்தவர்களும் உண்டு.

முதல் பரிகாரம் பாரிஸ் நகரத்திலிருந்து வந்தது. எட்வர்ட் பெனடிக்டஸ் என்பவர் ஓவியர், அலங்காரச் சித்திரக்காரர், ரஸாயனமும் அறிந்தவர். 1903-ல் அவருடைய சோதனைச் சாலையில் உயரத்திலிருந்து ஒரு குடுவை கீழே விழுந்தது. கீறல் விட்டதே தவிர, உருவம் கலையவில்லை. முன்னொரு காலத்தில் அதில் வைத்திருந்த செல்லுலோஸ் திராவகம் வற்றி, உட்புறத்தில் தோலாகப் படிந்திருந்தது. அதற்கு ஒரு சீட்டு ஒட்டி எடுத்து வைத்தார். பிறகு மோட்டார் விபத்தில் கண்ணாடி வெட்டிக் காயம்பட்டவர்களைப் பற்றிப் படித்தபோது குடுவை நினைவுக்கு வந்ததாம். அவரே சொன்ன கதை இது. கதாசிரியனான எனக்குக் குடுவை விழுந்த வேளை கொஞ்சம் அதிகப்படி சௌகரியமாகவே படுகிறது. போகட்டும். 1909-ல் அவர் பேட்டண்டு வாங்கியது நிச்சயம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே செல்லுலாய்டு தகடு, ஆக மூன்று அடுக்கு. 'டிரிப்ளெக்ஸ்' என்று பெயர்.

வண்டிக்காரர்கள் அதை உடனே வாங்கிவிடவில்லை. விலை அதிகம், வெயில் பட்டால் நடுத் தகடு மஞ்சள் பூக்கும். முதல் உலக யுத்தத்தில் விஷப்புகை முகமூடிகளுக்குக் கண் வில்லையாகத்தான் அதற்கு முதல் பெரிய வேலை கிடைத்தது. முகங்களைக் காப்பாற்ற யுத்தம் வந்து சொல்லவேண்டியிருந்தது! 1927 டிசம்பரில் ஃபோர்டு வெளியிட்ட மாடல் ஏ காரின் முன் கண்ணாடி இந்த அடுக்குக் கண்ணாடிதான். 1930-களின் பிற்பகுதியில் மஞ்சள் பூக்காத, இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுகிற வேறு பிளாஸ்டிக் நடுவில் வந்து சேர்ந்தது.

முன் கண்ணாடிப் பிரச்னை தீர்ந்தது. கதவுகளுக்கு என்ன செய்வது? அத்தனைக்கும் அடுக்குக் கண்ணாடி போட்டால் விலை தாங்காது. இங்கேதான் ரூபர்ட் துளி திரும்பி வந்தது. 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் பிரான்ஸின் ஸான் கோபேன் கம்பெனி முதலியவர்கள் அந்த வித்தையைத் தகட்டுக் கண்ணாடிக்குப் பழக்கினார்கள். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, இரு பக்கமும் குளிர்ந்த காற்றைப் பீய்ச்சி அடிப்பது. எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தோல் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம். அதையும் மீறி உடைந்தால், கூர் மழுங்கின பருக்கைகளாக உதிரும். (இந்த ஸான் கோபேன், பதினாலாம் லூயி மன்னர் காலத்தில் 1665-ல் ஆரம்பித்த கம்பெனி; வெர்சேல்ஸ் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி கொடுத்தவர்கள். ஹூக்கின் புத்தகம் வந்ததும் அதே 1665. 2000-ம் வருஷம் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே அவர்கள் தொழிற்சாலை வைத்துவிட்டார்கள்.)

இந்த வித்தையில் ஒரு நிபந்தனை உண்டு. காய்ச்சுவதற்கு முன்பே அளவாக வெட்டி, துளை போட்டு, விளிம்பைத் தேய்த்துவிட வேண்டும். காய்ச்சிக் குளிரவைத்த பிறகு வைர ஊசியை அழுத்தி இழுத்தால் வாலைக் கிள்ளின கதைதான். இந்த ஒரு நிபந்தனை, பழைய வண்டி வைத்திருக்கும் என் போன்றவர்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள்.

எங்கள் வீட்டு வண்டி ஒரு டாட்டா சுமோ. எஸ்.யு.வி. என்று இப்போது எல்லாரும் நாக்கைச் சுழற்றுகிறார்களே, அந்த வர்க்கத்துக்கு நம் நாட்டில் தாத்தா முறை ஜீப். 1940-களின் இறுதியில் பம்பாயில் மஹீந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. ஜீப்புக்குக் கதவுக் கண்ணாடி என்ற கவலையே இல்லை. கித்தான் படுதாவோடு சரி. சுமோ 1994-ல் வந்தது. சுமந்த் மூல்காவ்கர் என்ற பெரிய என்ஜினீயரின் பெயரில் முதல் இரண்டு எழுத்துக்களை அங்கும் இங்கும் எடுத்துச் செய்த பெயர். ஜப்பான் மல்லர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2019-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தின பிறகு எங்கள் வண்டியின் இடது பின் கதவு மேல் ஒரு தென்னை மட்டை விழுந்தது.

பக்கத்துத் தெருவில் படத்துக்குச் சட்டம் போடும் கண்ணாடிக் கடைக்காரர் வந்து பார்த்தார். "ஒரு மணி நேரத்தில் வெட்டிக் கொடுத்துவிடுகிறேன் சார். அஞ்சு மில்லி கண்ணாடி. போட்டுவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. உடைகிற வரைக்கும் யாருக்கும் தெரியாதுதான். ஒரு மணி நேரத்தில் வெட்டிக் கொடுக்க முடிகிறது என்றாலே, அது 1920-களில் முகங்களைக் கிழித்த அதே கண்ணாடி என்று அர்த்தம். அந்த ஜன்னலோரம் என் பேத்தியின் இடம். தூங்கும்போது கன்னத்தைக் கண்ணாடியிலேயே சாய்த்துக்கொள்வாள். பழைய வண்டிகள் எத்தனையோ இப்படி வீட்டு ஜன்னலைக் கதவில் வைத்துக்கொண்டு ஓடுகின்றன. ஏறி உட்காருகிறவர்களுக்கு அது தெரிவதில்லை.

புதுப்பேட்டைக்குப் போனேன். பிரித்த வண்டிகளின் கதவுகளும் பானெட்டுகளும் நடைபாதை வரை அடுக்கியிருக்கும் அந்தத் தெருக்களில், ஒரு கடைப் பெரியவர் சாக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு கண்ணாடியை உருவினார்.

"பாய், இது அசல்தானா?" என்று கேட்டேன்.

"மூலையைப் பாருங்க சார். எழுத்து சுட்டிருக்கு பாருங்க. வெட்டின கண்ணாடிக்கு எழுத்து ஏது?"

மூலையில் நகத்தளவுக்கு, சுரண்டினாலும் போகாத முத்திரை இருந்தது. கம்பெனிப் பெயர், ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர எண், 'டஃபண்டு' என்ற வார்த்தை. வாங்கிக்கொண்டேன்.

மாட்டுகிற வேலை பிரமாதமில்லை. பட்டறையில் கதவின் உள் அட்டையைக் கழற்றினார்கள். அதற்குப் பின்னால் மழைத் தண்ணீருக்கு மறைப்பாக ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழியாமல் உரித்தார்கள். அதற்கப்புறம் முக்கால் வாசி நேரமும் கூட்டிப் பெருக்குவதுதான். கதவின் வயிற்றுக்குள் பருக்கைகள் சேர் கணக்கில் கிடந்தன. அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் உண்டு. அவற்றைப் பருக்கை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் தேங்கிக் கதவு துருவேறும். கண்ணாடி ஓடுகிற ரப்பர் தடத்தை மெக்கானிக் விரலாலேயே தடவித் தடவிப் பார்த்தார். "ஒரு பருக்கை இங்கே இருந்தால் போதும் சார். ஏத்தி இறக்கும்போது ஓரத்தில் கீறிடும். ஓரத்தில் கீறினால் போச்சு" என்றார். ரூபர்ட் இளவரசரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் துளிக்கு வால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு கண்ணாடியை மேலிருந்து சாய்த்து இறக்கி, தூக்கும் மெஷினில் பூட்டி, நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்து, தாளையும் அட்டையையும் மறுபடி பொருத்தினார்.

கதை இதோடு முடியவில்லை. வண்டி உருளும்போது பக்க ஜன்னல் உதிர்ந்து, அதன் வழியே ஆட்கள் வெளியே தூக்கி எறியப்படுகிறார்கள் என்று கண்டு, அமெரிக்காவில் 2011-ல் ஒரு விதி செய்தார்கள். அதன் பிறகு பக்கங்களிலும் உடைந்தாலும் உதிராமல் நிற்கிற அடுக்குக் கண்ணாடி அதிகமாக வரத் தொடங்கியது. ஆளை உள்ளே பிடித்துவைக்க நல்ல ஏற்பாடுதான். வண்டி வெள்ளத்தில் இறங்கிவிட்டால்? வெளியே தண்ணீரின் அழுத்தத்தில் கதவு திறக்காது. ஜன்னலை உடைத்துத்தான் வரவேண்டும். 2019-ல் அமெரிக்க மோட்டார்க்காரர்கள் சங்கம், ஜன்னல் உடைக்கும் கருவிகள் ஆறை எடுத்துச் சோதித்தது. நாலு கருவிகள் பொடியாகும் கண்ணாடியை உடைத்தன. அடுக்குக் கண்ணாடியை ஒன்று கூட உடைக்கவில்லை. 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் கார்கள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இது அமெரிக்க விஷயமாக மட்டும் படாது.

எங்கள் வண்டியின் நாலு கதவுகளிலும் மூலை முத்திரையைப் படித்துப் பார்த்துவிட்டேன். நாலும் பொடியாகிற ஜாதி. கூர்முனைச் சுத்தியல் ஒன்று வாங்கி டிரைவர் ஸீட்டுக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறோம். நடுவில் அடிக்காமல், ஓரமாக மூலையில் அடிக்க வேண்டும் என்று பேத்திக்கும் சொல்லிக் கொடுத்தாயிற்று.