மாரடைப்பும் மருத்துவர் கடமையும்

தம்புள்ளை என்றதும் குகைக் கோயில்களும், பகைவருக்கு அஞ்சி அக்குகைகளில் மறைந்து வாழ்ந்ததாகக் கூறப்படும் வலகம்பா மன்னனுமே பலருடைய நினைவுக்கு வருவதுண்டு. ஆயின், இன்று நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் லொறிகள் அவ்வூரை நாடி வருவது மரக்கறிச் சந்தைக்காகவே. 1999ஆம் ஆண்டில் தோன்றிய பொருளாதார மத்திய நிலையத்தில் இரவென்றும் பகலென்றும் பாராது மூட்டைகள் ஏறி இறங்குகின்றன. அங்கே சுமை தூக்கும் ஒருவருக்கு நெஞ்சு இறுகி, தோளும் இடக்கையும் நோவெடுத்தால், அவர் அதனைச் சுமையால் வந்த உளைவு என்றோ வாய்வுப் பிடிப்பு என்றோ எண்ணுவது இயல்பே. அவரைச் சோதிக்கும் வைத்தியரும் அவ்வாறே எண்ணி, வயிற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடின், அது பிழையாகுமா? பிழையாயின் குற்றமுமாகுமா?

இவ்விரு வினாக்களும் வெவ்வேறானவை. வரலாற்றின் துணைகொண்டு நோக்கினால் இவற்றின் வேறுபாடு தெளிவாகும்.

நெஞ்சுநோவு மனித குலத்துக்குப் புதியதன்று. ஆயினும், நடக்கும்போது, சிறப்பாக மேட்டில் ஏறும்போது தோன்றி, நின்றதும் நீங்கும் ஒருவகை நெஞ்சிறுக்கத்தைத் தனியொரு நோயாக வகுத்துரைத்தவர் இங்கிலாந்து நாட்டு வைத்தியர் வில்லியம் ஹெபர்டன். அவர் 1768இல் இலண்டன் மருத்துவக் கல்லூரியில் வாசித்த கட்டுரை 1772இல் அச்சேறியது. எனினும், இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி அடைபடுவதே மாரடைப்புக்குக் காரணம் என்பதையும், அவ்வாறு அடைபட்டவர் உடனே இறந்தேயாக வேண்டும் என்பதில்லை என்பதையும் சிக்காகோ நகரத்து ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் எடுத்துரைக்கும் வரை வைத்திய உலகம் இதனை நன்குணரவில்லை. அக்காலத்தில் இவ்வாறு மாண்டோர் பலருடைய மரணத்துக்குக் ‘கடும் அசீரணம்’ என்றே காரணம் கூறப்பட்டது. அறிவே தோன்றாத காலத்தில் அறியாமையைக் குற்றமென்று கூறுதல் பொருந்தாது.

அறிவு தோன்றியது, கருவியும் தோன்றியது. ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் இதயத்தின் மின்னசைவைப் பதிவுசெய்யும் பொறியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார். ஓர் அறையையே அடைத்துக்கொண்ட பெரும் பொறி அது. அதற்காக அவருக்கு 1924இல் நோபெல் பரிசு கிடைத்தது. இன்று கையில் தூக்கிச் செல்லக்கூடிய இ.சி.ஜி. கருவி அப்பொறியின் வழித்தோன்றலே.

கருவி வந்தபின்னும் தடுமாற்றம் ஒழிந்ததா? அமெரிக்க சனாதிபதி ஐசனோவரின் வரலாறே இதற்கு விடை. 1955 செப்டெம்பர் 23ஆம் நாள் டென்வர் நகரில் அவர் கொல்ஃப் விளையாடினார். வெங்காயம் சேர்த்த இறைச்சி உணவு உண்டார். வயிறு சரியில்லை என்றார். மறுநாள் நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் நெஞ்சுநோவு அவரை எழுப்பியது. அவருடைய வைத்தியர் ஹவார்ட் ஸ்னைடர் விரைந்து வந்து, நோவு தணிய மோர்பீன் ஊசி ஏற்றித் தூங்கவிட்டார். சனாதிபதிக்கு அசீரணக் கோளாறு என்றே உலகுக்கு முதலில் அறிவிக்கப்பட்டது. அன்று பிற்பகலில் எடுத்த இ.சி.ஜி. பதிவுதான் மாரடைப்பு என்பதை வெளிப்படுத்தியது. தொடக்கத்திலேயே தாம் உண்மையை அறிந்திருந்ததாக ஸ்னைடர் பின்னர் கூறினார். அதனை ஏற்காத வரலாற்றாசிரியரும் உளர். உலகின் வலிமைமிக்க தலைவருக்கே இந்நிலையெனின், சந்தையில் மூட்டை சுமப்பவருக்கு நேரக்கூடியதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஐசனோவர் பிழைத்தெழுந்தார், 1956இல் மீண்டும் தேர்தலில் வென்றார். அக்காலத்தில் நீண்ட ஓய்வும் குருதி உறையாதிருப்பதற்கான மருந்துமே சிகிச்சையின் பெரும்பகுதி. ஆதலால், சில மணி நேரத் தாமதத்தால் இழக்கப்படுவது இன்றளவு பெரிதாகத் தோன்றவில்லை. 1986இல் இத்தாலி நாட்டில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் நடந்த ஆய்வு இந்நிலையை மாற்றியது. உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தை நோவு தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் செலுத்தினால் பயன் மிகப் பெரிது என்பதும், நேரம் செல்லச் செல்ல அது குறைந்துபோகும் என்பதும் நிறுவப்பட்டன. மருந்தின் வன்மை பெருகப் பெருக, நோயைத் தவறவிடுவதன் கேடும் பெருகியது. பழைய காலத்துத் தடுமாற்றத்தை அளந்த அதே கோலால் இன்றைய தடுமாற்றத்தை அளத்தல் கூடாது.

சட்டம் இதனை எவ்வாறு நோக்குகிறது? 1957இல் இங்கிலாந்தில் நடந்த போலம் வழக்கு, பொறுப்புள்ள வைத்தியர் குழாம் ஒன்று தகுதியானதென ஏற்கும் முறையில் நடந்துகொண்டவர் கவலையீனம் உடையவராகார் என வகுத்தது. நமது நாட்டில் இத்தகைய வழக்குகளுக்கு உரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை. 1992இல் நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு மூளைத்தண்டில் கட்டி இருந்தது. அது வேறொரு நோய் எனக் கருதப்பட்டது, குழந்தை இறந்தது, தந்தை வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தொகையைக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பையே நீக்கியது. நோயைக் காணத் தவறியமை மட்டும் போதாது. அத்தவறினாலேயே மரணம் நேர்ந்தது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அவ்வழக்குப் புகட்டும் பாடம். அந்தக் கட்டியோ, உரிய காலத்தில் கண்டிருப்பினும் தீர்த்தற்கரியது. மாரடைப்பு அத்தகையதன்று. காலத்தோடு கண்டால் காக்கத்தக்கது. எனவே, ‘எவ்வாறாயினும் இறந்திருப்பார்’ என்னும் மறுமொழி இங்கு எளிதில் நிலைபெறாது.

இதனால் வைத்தியரைப் பகைவராகக் கருதுதல் வேண்டும் என்பதன்று பொருள். நீரிழிவு நோயாளர், முதியோர், பெண்கள் ஆகியோரிடத்தில் மாரடைப்பு நெஞ்சுநோவின்றி, மூச்சிளைப்பாகவும் வியர்வையாகவும் குமட்டலாகவும் வருவதுண்டு. முதற்பதிவில் ஒன்றும் தோன்றாதிருப்பதும் உண்டு. கற்றறிந்தவரும் இவ்விடத்தில் ஏமாறலாம். நோயாளி சொல்வதைப் பொறுமையோடு கேட்டு, இ.சி.ஜி. எடுத்து, ஐயமிருப்பின் மறுபடியும் எடுத்து, குருதியைச் சோதித்து, கண்டதை எழுதிவைத்தபின்னும் ஏமாறுவாராயின், அது பிழை. கேளாமலும் பாராமலும் அனுப்பிவிடுவாராயின், அது கடமை தவறுதல்.

தம்புள்ளையிலிருந்து கண்டி மாநகர் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தூரம். அத்தூரத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசையின் ஒரு பகுதியை உண்டுவிடுகிறது. 2016இல் தொடங்கப்பட்ட இலவச அம்புலன்ஸ் சேவையின் 1990 என்னும் எண்ணை ஒவ்வொரு கடையிலும் எழுதித் தொங்கவிடுதல் நன்று. நோவுற்றவர் ‘வாய்வு’ எனத் தாமே பெயரிடாது, எப்போது தொடங்கியது, எங்கே பரவியது என்பவற்றைச் சொல்லுதல் வேண்டும். நேயர்களே, நோய்க்குப் பெயரிடுவது வைத்தியர் கடமை. நோவைத் தாமதியாது எடுத்துரைப்பது நமது கடமை. இவ்விரண்டும் ஒருங்கே நிகழுமாயின், நீதிமன்றப் படியேற வேண்டிய துயரங்களுள் பல நேராமலே ஒழியும்.