லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி முத்திரையின் வரலாறு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1850-இல் உருவானது லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தைப் போன்றது. ஆனால் அதை நிருவகிப்பவர் ஆட்சியர் அல்லர். மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து மேற்பார்வையாளர்கள் கொண்ட வாரியம். கவுண்டியின் ஆவணங்கள், வாகனங்கள், கட்டடங்கள் அனைத்திலும் அதன் முத்திரை இடம்பெறும்.

தொடக்கத்தில் அந்த முத்திரையில் திராட்சைக் குலை ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் அப்பகுதி திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது என்பதால் அது பொருத்தமே. 1957-இல் மேற்பார்வையாளர் கென்னத் ஹானின் முயற்சியால் புதிய முத்திரை வந்தது; வரைந்தவர் ஓவியர் மில்லர்ட் ஷீட்ஸ். நடுவில் கனிமரங்களின் உரோமானியத் தேவதை பொமோனா நின்றாள். அவளுக்கு ஒரு பக்கம் பொறியியலைக் குறிக்கும் மூலைமட்டமும் காலிப்பரும் (மூலைமட்டம் என்றால் நம் பிள்ளைகளின் வடிவியல் பெட்டியில் இருக்கும் அதே முக்கோணம்தான்). அவற்றின் கீழே 1542-இல் கப்ரிலியோ அக்கடற்கரைக்கு வந்த சான் சால்வடோர் என்னும் பாய்மரக் கப்பல், அதன் கீழே சூரை மீன். மறுபக்கம் எண்ணெய்க் கிணற்றுக் கோபுரங்கள், ஹாலிவுட் பவுல் என்ற திறந்தவெளி இசையரங்கு, பேர்லெட் என்னும் பரிசு பெற்ற பசு. இசையரங்கின் மேலே இரு நட்சத்திரங்களுக்கு இடையில் ஒரு சிறு சிலுவை இருந்தது. எசுப்பானியப் பாதிரியார்கள் நிறுவிய மிஷன்களை நினைவூட்டவே அது வைக்கப்பட்டதாகக் கூறப்பட்டது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அந்தச் சிலுவையால் சிக்கல் எழுந்தது. அரசு எந்தச் சமயத்தையும் ஆதரிக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம். சிலுவையை நீக்காவிட்டால் வழக்குத் தொடுப்போம் என 2004-இல் அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் அறிவித்தது. "இது சமயமன்று, வரலாறு" என்று பலர் எதிர்த்தனர். வாரியம் 3-2 என்ற வாக்கில் முத்திரையை மாற்ற முடிவு செய்தது.

புதிய முத்திரையில் சிலுவை மட்டும் மறையவில்லை. பொமோனா நின்ற இடத்தில் அம்மண்ணின் தொல்குடிப் பெண் ஒருத்தி வந்தாள். எண்ணெய்க் கோபுரங்களும் நீக்கப்பட்டன. 1771-இல் நிறுவப்பட்ட சான் கேப்ரியல் மிஷன் தேவாலயம் சேர்க்கப்பட்டது. அந்த மிஷன்தான் டோங்வா என்னும் தொல்குடியினரின் பழைய வாழ்வைக் குலைத்தது. அக்குடிப் பெண்ணும் அந்த மிஷனும் ஒரே வட்டத்துக்குள் நிற்பதே இம்முத்திரையில் ஆழ்ந்து நோக்கத் தக்கது என்பேன். சிலுவைச் சண்டையின் இரைச்சலில் இது பெரிதாகப் பேசப்படவில்லை.

முத்திரையில் வரைந்த தேவாலயத்தின் உச்சியில் சிலுவை இல்லை. உண்மையான கட்டடத்திலும் அப்போது அது இல்லை. 1987 நிலநடுக்கச் சேதத்துக்குப் பிந்தைய சீரமைப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. 2009-இல் அது மீண்டும் ஏற்றப்பட்டதும், "கட்டடத்தில் இருப்பதைத்தானே வரைகிறோம்" என்ற வாதம் பிறந்தது. 2014-இல் வாரியம், மீண்டும் 3-2 வாக்கில், முத்திரையிலும் சிலுவையைச் சேர்த்தது. எதிர்த்தவர்கள் கூட்டாட்சி நீதிமன்றம் சென்றனர். முத்திரையில் சிலுவையைச் சேர்ப்பது ஒரு சமயத்துக்கு மட்டும் அரசின் ஆதரவைத் தருவதாகும் என்றும், அது கலிபோர்னியா, அமெரிக்கா ஆகிய இரண்டின் அரசியலமைப்புக்கும் முரணானது என்றும் 2016-இல் நீதிபதி கிறிஸ்டினா ஸ்னைடர் தீர்ப்பளித்தார்.

வரலாற்றுச் சான்று என்பதே அளவுகோல் என்றால், பசுவைப் பற்றி ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பால் பண்ணைகள் நிறைந்திருந்ததால் டெய்ரி வேலி என்றே பெயர் கொண்டிருந்த ஊர், 1967-இல் செரிட்டோஸ் எனப் பெயரை மாற்றிக்கொண்டது. பண்ணைகள் இருந்த நிலங்களில் வீடுகள் எழுந்துவிட்டன. பேர்லெட் மட்டும் முத்திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் இன்றும் நிற்கிறது.