தோள் ஏறி வந்த ஊர்

கொடைக்கானலில் 21 நாள் தங்கப்போகிறேன் என்றதும் வீட்டுக்கார அம்மா சந்தேகமாகப் பார்த்தார். "எல்லாரும் ஒரு ராத்திரி, மிஞ்சினா ரெண்டு ராத்திரி. உங்களுக்கு இங்க அப்படி என்ன சோலி ஐயா?"

சோலி ஒன்றும் இல்லை. பெரியகுளத்தில் 31 வருடம் தபால் பட்டுவாடா செய்தவன் நான். சைக்கிளை நிறுத்தி வியர்வை துடைக்கும்போதெல்லாம் இந்த மலையை அண்ணாந்து பார்ப்பேன். ஒருமுறையாவது அவசரமில்லாமல் இங்கே இருந்துவிட்டு வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. என் அப்பத்தாவின் அப்பா இந்த மலைக்கு டோலி தூக்கியவர். ஒரு முழு சீசன் மேலே தங்க அவருக்கு வாய்க்கவில்லை.

இந்த ஊரே நீண்ட நாள் தங்குவதற்காக உண்டானதுதான். 1821இல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி பழனி மலையை அளக்க வந்தார். 1834இல் ராட்டன் என்ற மதுரை அதிகாரி செண்பகனூர்ப் பக்கம் சின்னதாக ஒரு பங்களா கட்டினார். ஊர் என்று சொல்லும்படி ஆனது அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் வந்த பிறகு. காலராவும் காய்ச்சலும் அவர்கள் குடும்பங்களில் பெரியவர் சிறியவர் பாராமல் கொண்டுபோயின. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் உயரம் தேடி, ஏழாயிரம் அடிக்கு ஏறி, 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். உல்லாசத்துக்கு வந்தவர்களாக அவர்களை என்னால் நினைக்க முடியவில்லை. பிள்ளைகளை மண்ணில் புதைத்துவிட்டு, மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்ற ஏறினார்கள்.

ஆனால் எப்படி ஏறினார்கள்? 1875இல் அம்மையநாயக்கனூர் வரை ரயில் வந்த பிறகும் பயணம் லேசாகிவிடவில்லை. அங்கிருந்து மாட்டுவண்டியில் 33 மைல், ராத்திரி முழுக்க ஆட்டம். விடியும்போது மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அதற்கு மேல் வண்டி ஏறாது. கால் நடை, இல்லையென்றால் குதிரை, அதுவும் இல்லையென்றால் அடுத்தவர் தோள். இத்தனை பாடுபட்டு வந்தவர்கள் ஒரு ராத்திரியில் எப்படித் திரும்புவார்கள்? ஏப்ரல், மே முழுக்க இங்கேயே இருந்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

அப்பத்தா சொல்வாள்: கம்பில் கட்டிய கித்தான் தொட்டிலில் துரைசானி படுத்திருப்பாள். நாலு பேர் தூக்க, மாற்றுக்கு நாலு பேர் கூடவே நடப்பார்கள். ஏற்றத்தில் பின்னால் நிற்பவனுக்குத்தான் முழுப் பாரமும். மழை பிடித்தால் பாறை வழுக்கும். ஆனாலும் டோலி ஆடக் கூடாது. அவளுடைய அப்பாவின் வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு. சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் முதுகில் தொங்குவாளாம்.

ஏரிக்கரையில் தினமும் நடந்தேன். 1863இல் கலெக்டர் லெவிஞ்சு ஓடையை மறித்துக் கரை போட்டு உண்டாக்கிய ஏரி. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார் என்பார்கள். ரோடே இல்லாத காலம். படகும் தோளில்தானே வந்திருக்க வேண்டும்! அதற்குப் பிறகு நான் எதைப் பார்த்தாலும் இதே கணக்குதான். 1901இல் மிஷன் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கூடத்தின் பெட்டிகள், 1899இல் சென்னையிலிருந்து இங்கே மாற்றிய சூரிய ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிகள், கருவிகள், எல்லாம் யாரோ ஒருவர் மூச்சு வாங்க ஏற்றியவை. அந்த ஆய்வுக்கூடத்தில்தான் 1909இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். உலகம் அதை அவர் பெயரால் சொல்கிறது. சொல்லட்டும், அது நியாயம். லெவிஞ்சுக்கும் இங்கே கல் சிலுவை நிற்கிறது. தூக்கியவர்கள் பெயர் பொறித்த ஒரு கல்லை 21 நாளும் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

1914 வாக்கில் மலை ரோடு முடிந்தது. டோலிக்கு வேலை குறைந்தது. அப்பத்தாவின் அப்பா அந்த ரோட்டுக்கே ஜல்லி உடைக்கப் போனார். தன் தொழிலை முடித்துவைத்த ரோட்டில் தானே கூலி வாங்கினார். அதை அவர் குறையாகச் சொன்னதில்லையாம். இனி யாரும் தோள் கொடுக்க வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

பத்தொன்பதாம் நாள் செண்பகனூருக்குக் கீழே பழைய நடைபாதை ஒன்றில் கொஞ்ச தூரம் இறங்கினேன். என் முழங்கால் அதற்கு மேல் விடவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, தலையில் சும்மாடு கட்டிப் பீன்ஸ் மூட்டை சுமந்து ஒருவர் ஏறி வந்தார். என் மகன் வயது இருக்கும்.

"இறக்கி வச்சிட்டுச் செத்த உக்காருப்பா" என்றேன்.

"இறக்கினா, திரும்பத் தூக்கிவிட ஆள் வேணுமே ஐயா."

நான் எழுந்து நின்றேன். இருவருமாக மூட்டையைப் பாறைமேல் இறக்கினோம். அவர் தண்ணீர் குடித்து முடித்ததும் ஒரு பக்கம் நான் பிடித்தேன். மூட்டை அவர் தலையில் ஏறி உட்கார்ந்த பிறகும் என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.