மேகத்துள் மறைந்த மலை

வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் தமது 'அல்காமில்' நூலை ஆண்டுவாரியாக எழுதிச் செல்கையில், ஆண்டின் இறுதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி வைப்பார். படையெடுப்புகளோடும் ஆட்சி மாற்றங்களோடும் சேராத நிகழ்ச்சிகள் அங்கே இடம்பெறும்: ஒரு வெள்ளம், ஒரு நிலநடுக்கம், ஓர் ஆலிமின் மறைவு. 1971ஆம் ஆண்டின் வரலாற்றை அம்முறையில் எழுதுவோர் உண்டானால், அப்பகுதியில் கம்பம் பள்ளத்தாக்கிற்கும் சில வரிகள் உரியன.

சனீசுவரன் கோயிலால் பெயர்பெற்ற குச்சனூரின் வயல்வெளியில் நின்று சின்னமனூர்ப் பக்கம் நோக்கினால், அதற்கப்பால் மேகமலைத் தொடர் சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். மேகமலை என்பது புலவர் சூட்டிய அணிப்பெயரன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

1971 டிசம்பர் 9, வியாழக்கிழமை. திருவனந்தபுரத்திலிருந்து மதுரை நோக்கி இந்தியன் ஏர்லைன்ஸின் சிறு விமானமொன்று வந்துகொண்டிருந்தது. ஹெச்.எஸ். 748 என்பது அதன் வகை. ஆவ்ரோ என்பது மக்கள் வழக்கு. பிரிட்டனில் வடிவமைக்கப்பெற்று, உரிமம் பெற்றுக் கான்பூரிலும் கட்டப்பட்ட இரட்டை எஞ்சின் விமானம் அது. உள்ளே பயணிகள் 27 பேர், பணியாளர் நால்வர்.

பகல் வேளைதான், ஆயினும் பார்வை தெளிவாக இல்லை. நிலத்தைக் கண்ணால் கண்டே இறங்கும் முறையில் விமானம் தாழ்ந்தது. மதுரைக்கு இன்னும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் இருக்கையில், சின்னமனூரை அடுத்த உயர்ந்த மலைப்பகுதியில் மோதிற்று. பணியாளர் நால்வரும் பயணிகள் 17 பேரும் மாண்டனர். பத்துப்பேர் உயிர் தப்பினர். மலையில் மோதிய விமானத்திலிருந்து இத்தனைபேர் மீள்வது அரிதினும் அரிது.

விமானத்தின் உயரமானி கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்லும். எதிரே நிற்பது வெளியா, பாறையா என்று சொல்லாது. மதுரை விமான நிலையம் ஏறக்குறைய 140 மீட்டர் உயரத்தில் உள்ளது; மேகமலையோ சுமார் 1500 மீட்டர். இடையிலுள்ள மலையைக் கடக்குமுன் இறங்கத் தொடங்கினால், அந்த வேறுபாடே உயிருக்கு உலையாகும். மூன்றாண்டுகள் கழித்து, 1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனுக்கு இறங்கிய அமெரிக்க விமானமொன்றும் இவ்வாறே விர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதி 92 பேரும் இறந்தனர். அதன்பிறகே, நிலம் நெருங்குவதை ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி அந்நாட்டுப் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாயிற்று. கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மன் அதை முன்னரே உருவாக்கியிருந்தார்.

சின்னமனூர் விபத்து நாட்டின் நினைவில் தங்காமற் போனதற்கு நாளே காரணம் என்பது என் எண்ணம். டிசம்பர் 3 முதல் 16 வரை இந்திய–பாகிஸ்தான் போர். அதே 9ஆம் தேதி இரவில் குக்ரி என்னும் போர்க்கப்பல் அரபிக்கடலில் மூழ்கடிக்கப்பட்டு, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். அத்தனை பெரிய துயரின் முன்னே, மலையோரத்து 21 உயிர்களுக்குச் செய்தித்தாளில் எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்?

அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1996இல் தேனி மாவட்டமாயிற்று. உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர்க் குடும்பங்களில் அந்நாளை அறிந்த முதியோர் இன்றும் இருப்பார்கள். அவர்கள் கண்டது இது, பிறர்வாய்க் கேட்டது இது என்று பிரித்து, சொன்னவர் பெயரோடு ஒரு தாளில் எழுதி வாங்குவது வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு மாலைநேர வேலைதான்.