2008 தெரிவுக்கு நாங்கள் போட்ட புள்ளி

நாரந்தனையில எங்கட வாசிகசாலையில ஒரு சீ.ஆர். கொப்பி இருக்குது. ஒவ்வொரு வருசமும் ஐபிஎல் தொடங்க முதல் அதில ஆளுக்கொரு அணி எழுதுவம். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்கேலாது. நாட்டு அணிக்கு இன்னும் ஆடாத இரண்டு இளம் வீரர்களைக் கட்டாயம் எடுக்கவேணும். காசு விளையாட்டு இல்லை. கடைசியா வாறவர் எல்லாருக்கும் ரோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கித் தரவேணும், அவ்வளவுதான். எழுதி முடிஞ்சதும் மற்றவையின்ர தெரிவுக்குப் புள்ளி போடுவம். சாதாரண தர முடிவு மாதிரி ஏ, பி, சி, எஸ், டபிள்யூ.

இந்தமுறை எங்களில ஒருத்தன், ஒருத்தரும் கேள்விப்படாத ஒரு பெடியனை எடுத்தான். நாலு பேர் டபிள்யூ போட்டம். அவன் கோவிக்கேல்லை. ஒண்டு மட்டும் கேட்டான்: "அவன் இன்னும் ஒரு பந்துகூடப் போடேல்லை. எதை வைச்சு டபிள்யூ போட்டனீங்கள்?"

எங்களிட்ட மறுமொழி இருக்கேல்லை. அதைத் தேடி கொஞ்சம் பழைய கதைகளைக் கிளறினம். அதுதான் இந்தக் கட்டுரை.

கொப்பியில அணி எழுதுற இந்தப் பழக்கம் எங்களுக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. 1980 இல் நியூயோர்க்கில் டானியல் ஒக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவரது நண்பர்களும் உண்மையான பேஸ்போல் வீரர்களை வைத்துக் கற்பனை அணிகள் அமைத்தார்கள். அந்த வீரர்கள் மைதானத்தில் செய்வதெல்லாம் இவர்களுடைய கணக்கில் ஏறும். அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அதற்கு 'ரொட்டிசரி லீக்' என்று பெயர் வந்தது. இன்று கைபேசியில் நடக்கிற கற்பனை அணி விளையாட்டுகளுக்கெல்லாம் அது முன்னோடி.

இளம் வீரர்களை வரிசையில் தெரிவு செய்கிற முறை அதைவிடப் பழையது. அமெரிக்க பேஸ்போலில் 1965 இல் அது தொடங்கியது. பாடசாலை, பல்கலைக்கழகப் பெடியளை அணிகள் மாறி மாறி எடுக்கும். தொடக்கத்தில, முந்தின பருவத்தில் மோசமா ஆடின அணிக்கு முதல் வாய்ப்புக் குடுத்தார்கள். தெரிவு முடிஞ்ச கையோட எந்த அணி நல்லா எடுத்தது, எது கோட்டை விட்டது என்று பத்திரிகைகள் புள்ளி போடும்.

அந்தப் புள்ளிகள் எவ்வளவு தூரம் நம்பக்கூடியவை என்பதற்கு மைக் பியாசாவின் கதை போதும். 1988 இல் அவரை லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணி எடுத்தது 62 ஆவது சுற்றில், 1,390 ஆவது ஆளாக. அதுவும் திறமையைப் பார்த்து எடுத்ததில்லை. அணியின் முகாமையாளர் டொமி லசோர்டா பியாசாவின் தகப்பனுக்குக் கூட்டாளி. அந்த முகத்துக்காக எடுத்தது. அண்டைக்கு அந்தத் தெரிவுக்கு யார் டபிள்யூவுக்கு மேல் போட்டிருப்பினம்? 2016 இல் அவர் பேஸ்போலின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

எங்களுக்குக் கிட்டின கதை 2008 இல் நடந்தது. ஐபிஎல் முதல் ஏலம் அந்த வருடம் பெப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்தது. டோனியைச் சென்னை 15 இலட்சம் டொலருக்கு எடுத்தது எல்லாருக்கும் தெரியும். அதோட சேர்ந்த இன்னொரு சின்னத் தெரிவை ஆக்கள் அவ்வளவாகக் கதைக்கிறதில்லை. 19 வயதுக்குட்பட்ட இந்திய வீரர்களுக்கு ஏலம் இல்லை. அணிகள் முறைவைத்து அவர்களைத் தெரிவு செய்தன. பேஸ்போல் தெரிவைப் போல ஐபிஎல்லில் நடந்தது என்று சொன்னால் இதைத்தான் சொல்லவேணும்.

அந்தப் பெடியள் அப்போதுதான் உலகக்கிண்ணம் வென்று வந்திருந்தார்கள். 2008 மார்ச் 2, கோலாலம்பூர். இந்தியா 159 ஓட்டங்களுக்குச் சுருண்டது, மழையும் குறுக்கிட்டது, ஆனாலும் தென்னாபிரிக்காவை 12 ஓட்டங்களால் வென்றது. அணித் தலைவர் விராட் கோலி. இறுதிப் போட்டியின் நாயகன் 5 ஓவரில் 7 ஓட்டம் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்த அஜிதேஷ் அர்கால். முழுத் தொடரிலும் கூடிய ஓட்டம் எடுத்தவர் தன்மய் ஸ்ரீவஸ்தவா, 262. கோலி 235.

டில்லி அணிக்குச் சொந்த ஊர்ப் பெடியனான கோலியை எடுக்க வாய்ப்பு இருந்தது. அவர்கள் எடுத்தது இடதுகை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை. கோலி பெங்களூருக்குப் போனார். ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தானுக்கு. அர்காலும் ஸ்ரீவஸ்தவாவும் பஞ்சாப்புக்கு.

கொப்பியை விரிச்சு வைச்சு, இந்தத் தெரிவுக்கு மூன்று தரம் புள்ளி போட்டுப் பார்த்தம்.

முதல் தரம், தெரிவு நடந்த அண்டைக்கே போடுறதா நினைச்சு. டில்லியிடம் அப்போது சேவாக், கம்பீர், தவான், டி வில்லியர்ஸ், டில்ஷான் இருந்தார்கள். துடுப்பாட்டம் நிரம்பி வழிஞ்சது, தேவைப்பட்டது பந்துவீச்சாளர். அப்ப டில்லிக்கு ஏ. தொடரில் கூடிய ஓட்டம் எடுத்தவரையும் இறுதிப் போட்டி நாயகனையும் ஒன்றாக அள்ளின பஞ்சாப்புக்கும் ஏ. பெங்களூருக்கு பி.

இரண்டாம் தரம், ஒரு பருவம் முடிய. 2008 இல் கோலி 13 போட்டிகளில் எடுத்தது 165 ஓட்டம். எட்டு அணிகளில் பெங்களூர் ஏழாவது. டில்லி அரையிறுதிக்குப் போனது; அடுத்த வருடம் புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கும் வந்தது. டில்லியின் ஏ அப்படியே நிண்டுது. பெங்களூர் சி க்கு இறங்கிச்சுது. ஜடேஜா இருந்த ராஜஸ்தான் முதல் வருடமே கிண்ணம் தூக்கினதால அதுக்கும் ஏ.

மூன்றாம் தரம், இண்டைக்கு. இப்ப சின்னப்பிள்ளையும் சொல்லும், கோலியை விட்ட டில்லிக்கு டபிள்யூ என்று. ஆனால் இங்கதான் எங்களுக்குள்ள பெரிய சண்டை வந்தது. கோலி ஒரே அணிக்கு ஆடி ஐபிஎல்லில் எல்லாரையும்விடக் கூடிய ஓட்டம் எடுத்தவர், சரி. அவருடைய பெங்களூர் முதல் கிண்ணத்தைத் தொட்டது 2025 ஜூன் 3 அன்று, பதினெட்டாவது பருவத்தில். ராஜஸ்தான் ஜடேஜாவை எடுத்தது அருமையான தெரிவு. ஆனால் மரம் நட்டது ராஜஸ்தான், பழம் சாப்பிட்டது சென்னை. 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம் வேண்டியிருக்க ஆறும் நாலும் அடிச்சு சென்னைக்குக் கிண்ணம் எடுத்துக் குடுத்தது அதே ஜடேஜா. அப்ப ராஜஸ்தானுக்கு என்ன புள்ளி?

அர்காலும் ஸ்ரீவஸ்தவாவும் பெரிய நட்சத்திரங்களாக வரேல்லை. ஆனால் இரண்டு பேரும் கிரிக்கெட்டை விட்டுப் போகவில்லை, நடுவர்களாக வந்தார்கள். ஸ்ரீவஸ்தவா 2025 ஐபிஎல்லில் நடுவராக நின்றார். பதினேழு வருடம் கழிச்சு அதே போட்டித் தொடரில வேற உடுப்போட வந்து நிக்கிற ஒருத்தருக்குப் போட எங்கட கொப்பியில எழுத்து இல்லை.

தெரிவு ஒண்டுதான். மூன்று நாளில் மூன்று புள்ளி வந்தது. தெரிவு நடந்த அண்டைக்குப் போடுற புள்ளி பெடியனை அளக்கிறதில்லை. போடுறவருக்கு அண்டைக்கு எவ்வளவு தெரியும் என்றதைத்தான் அளக்குது. அது பிழையில்லை. பிழை எங்க வருகுதெண்டால், அந்தப் புள்ளியைப் பெடியனின்ர நெத்தியில ஒட்டிவிடுறதில.

இதை நாங்களும் செய்திருக்கிறம். 2020 இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கி யாழ்ப்பாணத்தின் பெயரில் 'ஜஃப்னா ஸ்டாலியன்ஸ்' அணி வந்தபோது, அதில் யாழ் மத்திய கல்லூரிப் பெடியன் விஜயகாந்த் வியாஸ்காந்தும் இருந்தார். "பேருக்கு எடுத்தது, வாங்கிலதான் இருக்கப் போறான்" என்று சொன்ன ஆக்கள் எங்களுக்குள்ளயே இருந்தவை. டிசம்பர் 4 அன்று, 19 ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் களமிறங்கினார். அவர் எடுத்த முதல் விக்கெட் அஞ்சலோ மத்யூஸ். அந்த வருடக் கிண்ணமும் ஸ்டாலியன்ஸுக்கே.

2024 இல் ஹசரங்க காயத்தால் விலக, சன்ரைசர்ஸ் ஹைதராபாத் வியாஸ்காந்தை மாற்று வீரராக எடுத்தது. மே 8 அன்று லக்னோவுக்கு எதிராக முதல் போட்டி: 4 ஓவர், 27 ஓட்டம். விக்கெட் விழவில்லை. ஆனால் அண்டைக்கு நாரந்தனையில ரீவி இருந்த வீடெல்லாம் விழிச்சிருந்தது.

அவர் 2001 இல் பிறந்தவர். பத்துப் பதினைந்து வருடம் முந்திப் பிறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 1990 இல் இராணுவ நடவடிக்கைகளோடு தீவகத்துச் சனத்தில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. ஏ9 பாதை 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திறந்து, 2006 இல் திரும்பவும் மூடிச்சுது. சென் ஜோன்சுக்கும் யாழ் மத்திய கல்லூரிக்கும் இடையில் 1904 இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர் இருக்கிற ஊர் இது. ஆட ஆளில்லாமல் இருந்ததில்லை. தெரிவுத் தாள் இந்தப் பக்கம் வரவில்லை. பியாசாவுக்குத் தகப்பனின்ர கூட்டாளி ஒருத்தர் இருந்தார், 1,390 ஆவது ஆளாகவாவது பெயர் ஏறிச்சுது. எங்கட அண்ணாமாருக்கு டபிள்யூ போடக்கூட ஒருத்தரும் இருக்கேல்லை.

டில்லி கோலியை விட்டதைப் பற்றி எல்லாரும் சிரிக்கலாம், ஏனெண்டால் கோலியின் பெயர் தாளில் இருந்தது. தாளில் இல்லாத பெயரை விட்டதுக்கு எந்த அணிக்கும் ஒருநாளும் புள்ளி குறையிறதில்லை. எங்கட அண்ணாமாரில எத்தினை பேர் அப்பிடி விடுபட்டவை என்று இனி எண்ணவும் ஏலாது.

அதனால கொப்பியில இரண்டு மாற்றம் செய்திருக்கிறம். புள்ளிக்குப் பக்கத்தில காரணத்தையும், திரும்பத் திறந்து பார்க்கிற திகதியையும் எழுதவேணும். காரணம் எழுதத் தெரியாட்டி புள்ளி போடேலாது. அந்த நாலு டபிள்யூவையும் வெட்டிப்போட்டம். மற்றது, கடைசிப் பக்கத்தில, தீவகத்து மைதானங்களில நாங்கள் கண்ணால பார்த்த பெடியளின்ரயும் பெட்டையளின்ரயும் பெயர், பாடசாலை, என்ன செய்வினம் என்று எழுதத் தொடங்கியிருக்கிறம். இதுவரைக்கும் பதினொரு பெயர். அந்தப் பக்கத்துக்குப் புள்ளி இல்லை.