காவலுக்குப் படிப்பவர்கள்

தென்பாண்டிச் சீமையின் பழைய வழக்குகளில் ‘துப்புக்கூலி’ என்று ஒன்று உண்டு. களவுபோன மாடு எங்கே கட்டிக் கிடக்கிறது என்று துப்புச் சொல்பவருக்கு மாட்டுக்காரர் கொடுக்கும் தொகை அது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் கமுதியும் அடங்கிய இந்த மானாவாரிப் பூமியில் ஓர் உழவு மாடு போனால் ஒரு வருடத்து வெள்ளாமை போயிற்று என்று பொருள். ஆகவே ஊர்கள் காவலுக்கு ஆள் வைத்தன. அறுவடையில் ஒரு பங்கு காவல்காரருக்கு. அதற்கு ஈடாக, களவு நடந்தால் அவர் பொருளை மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் கைப்பொறுப்பில் ஈடுகட்ட வேண்டும். இம்முறையில் அத்துமீறல்கள் இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் அடிப்படைக் கணக்கு தெளிவானது: காவல் ஒரு திறமை, அந்தத் திறமைக்கு ஊர் சோறு போடும்.

இந்தக் கணக்கு எப்போதெல்லாம் முறிந்தது, முறிந்தபோது என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் அக்கறை. இணையக் காவலுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் மாணவர்களைப் பழக்குவதைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். அந்தப் பேச்சுக்கு இருநூறு ஆண்டு வரலாறு ஒன்று பின்னால் நிற்கிறது.

1801-இல் பாளையக்காரர் போர்கள் முடிந்தன. தென்சீமையின் ஆயுதங்களைப் பறித்த கிழக்கிந்தியக் கம்பெனி, காவல் உரிமைகளையும் படிப்படியாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பழைய காவல்காரர்களின் கையில் திறமை மிஞ்சியது, கூலி மிஞ்சவில்லை. அவர்களது வழியினர் பலரைப் பின்னாளில் அதே அரசு ‘குற்றப் பரம்பரை’ என்று பட்டியலிட்டது. 1871-இல் வடக்கே பிறந்த அச்சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்து, 1947-இல்தான் இங்கே நீங்கியது. வேலையைப் பறித்தவரே வேலையற்றவரைக் குற்றவாளி என்றார். இதைவிடச் சுருக்கமாக அந்த வரலாற்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதே காலத்தில் கம்பெனி தனக்கு வேண்டிய புதிய ஆட்களைத் தானே தயாரித்துக்கொண்டிருந்தது. 1794-இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்ற வானியலாளர் எட்டு மாணவர்களுடன் நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பெற்றோரற்ற சிறுவர்களின் விடுதியிலிருந்து பிள்ளைகளை எடுத்து, கணக்கும் அளவைக் கருவிகளும் கற்பித்து, அரசு வேலையில் அமர்த்துவது ஏற்பாடு. இன்றைய கிண்டி பொறியியற் கல்லூரிக்கு அதுவே விதை. 1812-இல் எல்லிஸ் முன்னின்று அமைத்த சென்னைக் கல்விச் சங்கமோ, இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்தது. நீதிமன்றங்களுக்கான உள்ளூர்ச் சட்ட மாணவர்களையும் பழக்கியது. தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்ற கருத்தை எல்லிஸ் 1816-இல் வெளியிட்டது இச்சங்கத்துப் பணியின் ஊடாகத்தான். மூன்றாண்டு கழித்து, 1819-இல், அவர் இறந்தது நமக்கு அடுத்த இராமநாதபுரத்தில்.

இவ்விரண்டு பள்ளிகளும் நம்மை ஆளவும் வரி பெறவும் ஏற்பட்டவை. அதில் மயக்கம் தேவையில்லை. ஆனால் அவற்றிடம் கற்க இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, படிப்பின் மறுமுனையில் பணி காத்திருந்தது. மற்றொன்று, ஆளவேண்டிய மக்களின் மொழி தெரியாதவனால் எதையும் கண்காணிக்க முடியாது என்பதை அந்நியனே உணர்ந்திருந்தான்.

அரசின் வாசல் எளியவர்க்குத் திறந்ததற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ரமணரின் தந்தை திருச்சுழி சுந்தரமய்யர் சிறுவயதில் கணக்கரிடம் எழுத்தராகச் சேர்ந்து, மனு எழுதப் பழகி, பிறகு பட்டம் ஏதுமின்றியே வழக்கறிஞராகத் தொழில் செய்ய அனுமதி பெற்றவர். மழையை நம்ப முடியாத மண்ணில் எழுத்தும் கணக்கும் வற்றாத கிணறுகள். அரசு வேலைக்கு இங்கே இன்றும் இருக்கிற மதிப்பைக் கேலி செய்பவர்கள், வானம் பார்த்த பூமியில் ஒரு கோடைகூட வாழ்ந்திருக்க மாட்டார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் நடைமுறைக்கு வந்தது. கணினி வலையமைப்புகளின் மீதான தாக்குதல்களை எதிர்கொள்ள 2004-இல் மத்திய அரசு செர்ட்-இன் என்ற அமைப்பை நிறுவியது. அடுத்த ஆண்டே, தகவல் பாதுகாப்புக் கல்வி, விழிப்புணர்வுத் திட்டம் தொடங்கியது. உயர்கல்வி நிறுவனங்களில் பாடங்களைப் புகுத்துவது, ஆய்வை வளர்ப்பது, அரசு ஊழியரைப் பழக்குவது, பொதுமக்களை எச்சரிப்பது என்பன அதன் பணிகள். 2013-இல் வந்த தேசிய சைபர் பாதுகாப்புக் கொள்கை, ஐந்தாண்டுகளில் 5 லட்சம் வல்லுநர்களை உருவாக்குவதை இலக்காக வைத்தது. 2014-இல் கல்வித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 1.14 லட்சம் பேருக்குப் பயிற்சி என்றது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை அடுத்த கட்டத்துக்குக் கூறிய எண் 2.65 லட்சம். தமிழக அரசும் 2020-இல் சைபர் பாதுகாப்புக்கு ஒன்று, செயற்கை நுண்ணறிவுக்கு ஒன்று என இரு கொள்கைகளை வெளியிட்டது. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இப்பாடங்களைக் கல்லூரி மாணவர்களிடம் கொண்டுசென்றது.

தேவை மெய்யானது. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு பாதிக்கப்படவில்லை என்றும் கூறியது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கி, வெளிநோயாளிச் சீட்டைக் கையால் எழுத வேண்டியதாயிற்று.

செயற்கை நுண்ணறிவு இந்தக் காவலில் என்ன செய்கிறது? பழைய மென்பொருள், தெரிந்த திருடர்களின் அங்க அடையாளப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் காவலாளி. பட்டியலில் இல்லாதவன் உள்ளே போய்விடுவான். புதியது, ஊர் நாயைப் போல. நாள்தோறும் யார் எந்நேரம் வருவார், போவார் என்று பழகியிருக்கும், பழகாத காலடி கேட்டால் குரைக்கும். ஆனால் நாய் விருந்தாளியைப் பார்த்தும் குரைக்கும். குரைப்பு எதற்கென்று எழுந்து போய்ப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். பயிற்சி என்பது அந்த மனிதரைத் தயாரிப்பதுதான்.

திருடர்களிடமும் இதே கருவி இருக்கிறது. முன்பெல்லாம் மோசடிக் குறுஞ்செய்திகளை அவற்றின் கோணல் தமிழே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது இயந்திரம் பிழையற்ற தமிழ் எழுதுகிறது, மகனின் குரலில் தாயை அழைக்கிறது. ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிப்பதைப் பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்க நேர்ந்தது. தமிழில் நடக்கும் ஏமாற்றை அடையாளம் காண இயந்திரத்தைப் பழக்க வேண்டுமானால், வட்டார வழக்கும் உறவுமுறைச் சொற்களும் எந்த இடத்தில் போலியாக ஒலிக்கின்றன என்று கேட்கத் தெரிந்த காது வேண்டும். சென்னைக் கல்விச் சங்கம் வெளிநாட்டாருக்கு வருந்திக் கற்பித்ததை அருப்புக்கோட்டை மாணவர் பிறப்பிலேயே கொண்டுவருகிறார்.

அந்த மாணவர் இல்லாமலும் இல்லை. நெசவாளர்களும் வணிகர்களும் மகமை பிரித்துக் கல்விக்கூடம் கட்டிய மரபு இவ்வட்டாரத்தின் பெருமை. சைவ பானு சத்திரியக் கல்லூரி, தேவாங்கர் கலைக்கல்லூரி எல்லாம் அவ்வழி வந்தவை. தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாகக் கணினி அறிவியல் முடிப்பவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். வந்தபின் எங்கே போவது?

இங்கே அமெரிக்க அனுபவத்தைச் சற்றுப் பார்க்கலாம். 2001-இல் அந்நாடு சைபர் பாதுகாப்பு மாணவர்களுக்குச் சேவைக்கான உதவித்தொகை ஒன்றை வழங்கத் தொடங்கியது. படிப்புச் செலவை அரசு ஏற்கும். உதவித்தொகை பெற்ற காலத்துக்கு ஈடான காலம் மாணவர் அரசுப் பணி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் தொகை கடனாக மாறும். ஏறக்குறைய நம் பழைய காவல் ஒப்பந்தம்தான். அண்மையில் அதனோடு செயற்கை நுண்ணறிவுப் படிப்பையும் இணைத்தார்கள். ஆனால் 2025 ஜனவரியில் புதிய அரசு பொறுப்பேற்ற அன்றே கூட்டாட்சிப் பணி நியமனங்கள் நிறுத்தப்பட்டன. படித்து முடித்தவர்கள் வேலையுமின்றி, உதவித்தொகை கடனாகிவிடுமோ என்ற அச்சத்தோடும் நின்றார்கள். வாக்குக் கொடுத்தவரே வாசலைச் சாத்தினார்.

நம்முடைய குறை வேறு வகை. நாம் வாசலைச் சாத்தவில்லை, பயிற்சியோடு சேர்த்து அதைக் கட்டவே இல்லை. 2005 முதல் நாம் சொன்ன எண்களெல்லாம் பயிற்சி பெறுவோரின் எண்கள். பயிற்சி முடித்தவருக்கு இன்ன அலுவலகத்தில் இன்ன பணி என்ற பிணைப்பு அத்திட்டத்தில் இல்லை. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, தொடர்பற்ற போட்டித் தேர்வுக்கு மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

வெறுமையாக விடப்பட்ட திறமை வெறுமையாக இருப்பதில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, வேலிக்குள் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டார்கள். 2022 அக்டோபரில் அவர்களில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். இவர்களைப் பழைய காவல்காரர்களோடு ஒப்பிடுவது வரலாற்றின்படி முழுப் பொருத்தமில்லை, காரணங்கள் வேறு. எனினும் ஒரு பொதுமை உறுத்துகிறது. காவலுக்குக் கூலி தராத சமூகம், களவுக்கு ஆள் எடுப்பவனிடம் தன் பிள்ளைகளை ஒப்புக்கொடுக்கிறது.

செய்ய வேண்டியது மிகப் பெரியதும் அல்ல. மோசடிக்கு ஆளானவர்கள் அழைக்கும் 1930 என்ற எண்ணுக்குப் பின்னால், மாவட்டம்தோறும் உள்ள சைபர் குற்றப்பிரிவுகளுக்குப் பின்னால், தமிழும் இயந்திரக் கற்றலும் சேர்ந்து தெரிந்தவர்களுக்குத் தனிப் பணியிடங்கள் வேண்டும். உதவித்தொகையும் பணியும் ஒரே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். ஆட்சி மாறினாலும் அரசு அதை மீறாதபடி அது சட்டமாக இருக்க வேண்டும்.

குண்டாற்றில் தண்ணீர் வரும் நாட்கள் குறைவு. வரும்போது தேக்கி வைக்கக் கண்மாய் வெட்டியவர்கள் நம் முன்னோர். கண்மாய் மட்டும் வெட்டி, மடை வைக்காமல் விட்டவர் அவர்களில் எவருமில்லை.